வலைப்பக்க வார்ப்புருவும் விரைவும்: சீறாப்புராணத்தை முன்வைத்து

முன்னுரை

இயல், இசை, நாடகம் என முத்தமிழாகப் போற்றப்பட்ட நம் மொழியோடு அறிவியல் தமிழ் நான்காம் தமிழாக இணைந்தது. அதன் கிளைகளுள் ஒன்றாகிய கணினித் தமிழ் இன்று நம் இலக்கியங்களைத் தாங்கும் கலமாகவும் விளங்குகிறது. ஓலையில் இருந்தவை அச்சேறியதைப் போன்று, அச்சில் இருப்பவை இணையமேறி வருகின்றன. சுவடியை அச்சேற்றிய பதிப்பாசிரியருக்குப் பாடம் பிழையற்றதா என்பதே முதற்கவலையாக இருந்தது. இணையத்தில் பதிப்பிப்பவருக்கு அக்கவலையுடன் மற்றொன்றும் சேர்ந்துள்ளது. பக்கம் வாசகரை உரிய நேரத்தில் சென்றடையுமா என்பதே அது.

அச்சு நூலை விரித்தால் எழுத்து உடனே கண்முன் நிற்கும். வலைப்பக்கமோ, வாசகர் கேட்ட பின்னரே தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணினியிலிருந்து துண்டு துண்டாகப் புறப்பட்டு வந்து, அவர் கையிலுள்ள கருவியில் ஒன்றுகூட்டப்படுகிறது. இதற்கு நேரம் வேண்டும். பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் வெளியிட்ட தம் நூலில் மூன்று எல்லைகளைச் சுட்டினார். 0.1 நொடிக்குள் நிகழ்வது உடனடியாக நிகழ்ந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை எண்ண ஓட்டம் தடைப்படாது. 10 நொடியைக் கடந்தால் கவனம் வேறிடம் சென்றுவிடும். விலை குறைந்த கைப்பேசியும் வலுக்குறைந்த அலைத்தொடர்பும் உடைய சிற்றூர் மாணவர் ஒருவருக்குப் பக்கம் திறக்கவேயில்லை எனில், அவரளவில் அது பதிப்பிக்கப்படாத நூலே ஆகும்.

இத்தடைக்குப் பெரிதும் காரணமாவது வலைப்பக்கத்தின் வார்ப்புரு சரியாக ஒழுங்கு செய்யப்படாமையே. அதனை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதை, சீறாப்புராணத்தை இணையத்தில் பதிப்பிக்க முனைவதாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

வார்ப்புரு என்பது யாது?

பாத்திரம் வார்ப்பவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புதிதாக வடிவம் சிந்திப்பதில்லை. அச்சு ஒன்றே, வார்ப்புகள் பல. வலைத்தளத்திலும் அவ்வாறே. நிறுவனத்தின் பெயர், இலச்சினை, பட்டியல், அடிக்குறிப்பு ஆகியன எல்லாப் பக்கங்களுக்கும் பொது; நடுவிலுள்ள செய்தி மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் வேறு. பொதுவானவற்றை ஒருமுறை எழுதி, செய்தி அமர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவைக்கும் அமைப்பே வார்ப்புரு எனப்படும்.

டிம் பெர்னர்சு லீ 1989-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் முன்மொழிந்த வலையமைப்பில், பக்கத்தின் உறுப்புகளைக் குறிக்க எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி பயன்பட்டது. நிறம், எழுத்தளவு, இடைவெளி போன்ற அலங்காரங்களும் நாளடைவில் அக்குறிமொழிக்குள்ளேயே புகுந்தன. அவற்றைப் பிரித்துத் தனித்தாளில் வைக்கும் முறையை ஹோகன் வியம் லீ 1994-இல் முன்மொழிந்தார். அது 1996-இல் சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாளாக ஏற்பிசைவு பெற்றது. பக்கத்திற்கு இயக்கம் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியைப் பிரெண்டன் ஐக் 1995-இல் உருவாக்கினார். செய்தி, அழகு, இயக்கம் என்னும் இம்மூன்றும் தத்தம் இடத்தில் நிற்பதே நல்ல வார்ப்புருவின் அடிப்படை.

வார்ப்புருவில் உள்ள நலமும் தீங்கும் பெருகும் இயல்புடையன. ஒரு பக்கத்தில் நேரும் பிழை அப்பக்கத்தோடு நிற்கும். வார்ப்புருவில் நேரும் பிழையோ அதிலிருந்து பிறக்கும் எல்லாப் பக்கங்களிலும், அவற்றைத் திறக்கும் எல்லா வாசகரிடத்தும் சென்று நிற்கும்.

காப்பியமும் அதன் சுமையும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம், விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களையும், 92 படலங்களையும், 5,027 செய்யுட்களையும் உடையது. இதன் மூலபாடம் கணினியில் எவ்வளவு இடம் கொள்ளும்?

தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறியில் 128 இடங்கள் கொண்ட தனித்தொகுதி உண்டு. இணையத்தில் வழங்கும் யு.டி.எஃப். 8 என்னும் குறியேற்றத்தில் அத்தொகுதியின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் உள்ளன; ஆகவே அது 15 பைட்டு. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டே ஆகும். செய்யுள் ஒன்றுக்குச் சராசரியாக 200 குறிகள் எனக் கொண்டால், ஒரு செய்யுள் 600 பைட்டு. சீறா முழுவதும் ஏறத்தாழ 30 இலட்சம் பைட்டு. இதனை ஒரே பக்கத்தில் அடுக்கினால், ஒரு செய்யுளைத் தேடி வந்தவரும் காப்பியம் முழுவதையும் சுமக்க நேரும். படலத்துக்கு ஒரு பக்கமாக 92 பக்கங்களாகப் பகுத்தாலோ, பக்கம் ஒன்றுக்குச் சராசரியாக 55 செய்யுட்களும் ஏறத்தாழ 33,000 பைட்டுமே அமையும். புலவரே வகுத்தளித்த பாகுபாடு வலைப்பக்கப் பாகுபாட்டுக்கும் பொருந்துகிறது.

இனி ஓர் ஒப்பீடு காண்போம். நொடிக்கு 10 இலட்சம் பிட்டு வேகமுள்ள இணைப்பில் 33,000 பைட்டுகள் வந்துசேரக் கால் நொடியே போதும். ஆனால் அப்படலத்தைச் சுற்றியுள்ள வார்ப்புரு, பெரிய முகப்புப் படம், நகரும் எழுத்து, பல்வகை எழுத்துரு, தேவையற்ற நிரல் எனச் சேர்ந்து 20 இலட்சம் பைட்டு கொள்ளுமாயின், அது வர 16 நொடி ஆகும். காப்பியத்துக்குக் கால் நொடி, கட்டுக்கு 16 நொடி. சுளையினும் தோல் பெரிதாகிய பழம் இது.

தமிழ் மூன்று மடங்கு இடம் கொள்கிறதே என்று மனம் தளர வேண்டியதில்லை. வழங்கி ஒரு கோப்பை அனுப்புமுன் அதனைச் சுருக்கி அனுப்ப இயலும். 1992-இல் தோன்றிய ஜிஸிப், 2015-இல் கூகுள் வெளியிட்ட புரோட்லி ஆகியன இதற்குப் பயன்படும் முறைகள். மீண்டும் மீண்டும் வருவனவற்றைக் குறுக்கி எழுதுவதே இவற்றின் உத்தி. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் 3 பைட்டுகளில் முதலாவது எல்லாக் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே வகைகளுள் ஒன்று. எனவே தமிழ்ப்பாடம் இச்சுருக்கத்துக்கு மிகவும் இடங்கொடுக்கிறது. வழங்கியின் அமைப்பில் இவ்வசதியை இயக்கி வைத்தாலே பாடத்தின் சுமை பெரிதும் குறையும்.

தலைப்பகுதியின் வரிசை

உலாவி என்னும் மென்பொருள், வார்ப்புருவை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே பக்கத்தை எழுப்புகிறது. ஆதலின் எது முன், எது பின் என்பது வெறும் அழகு பற்றிய வினா அன்று. விரைவு பற்றிய வினா.

முதலில் நிற்க வேண்டியது குறியேற்ற அறிவிப்பு. இது கோப்பின் முதல் 1,024 பைட்டுகளுக்குள் அமைய வேண்டும் என்பது எச்.டி.எம்.எல். நெறி. உலாவி குறியேற்றத்தைத் தவறாக ஊகித்தால் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதறும். அடுத்து, கைப்பேசியின் திரையகலத்துக்கு ஏற்பப் பக்கத்தை அமைக்கும் அறிவிப்பும், பக்கத்தின் தலைப்பும் இடம்பெற வேண்டும். படலத்தின் பெயரே தலைப்பாக அமைந்தால் தேடுபொறிக்கும் வாசகருக்கும் நலம்.

அதன்பின் பாணித்தாள். அது வந்துசேரும்வரை உலாவி திரையில் எதனையும் வரைவதில்லை. எனவே அது தலைப்பகுதியிலேயே நிற்க வேண்டும். சிறியதாகவும் இருக்க வேண்டும். இறுதியில் வைத்தால், முதலில் ஒரு கோலத்தில் தோன்றிய பக்கம் பின்னர் மற்றொரு கோலத்துக்கு மாறி வாசகரைத் தடுமாறச் செய்யும்.

இயக்க நிரல்களின் இயல்பு வேறு. தலைப்பகுதியில் ஒரு நிரலைக் கண்டால், உலாவி பக்கத்தை எழுப்பும் பணியை நிறுத்தி, அந்நிரலைத் தருவித்து இயக்கி முடித்த பின்னரே மேற்செல்லும். செய்யுளைக் காண வந்தவர், பார்வையாளரை எண்ணும் நிரலுக்காகக் காத்திருப்பது முறையாகாது. யாகூ நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் சௌடர்ஸ் 2007-இல் வெளியிட்ட நூலில், பாணித்தாள் மேலும் நிரல் கீழும் நிற்க வேண்டும் என விதித்தார். பக்கம் திறக்க ஆகும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு, மூலக்கோப்பு வந்தபின் நிகழும் பணிகளிலேயே செலவாகிறது என்பது அவர் கண்ட உண்மை. இன்று 'டிஃபர்' என்னும் ஒரு சொல்லை நிரலின் குறியில் சேர்த்தால், உலாவி அதனைப் பின்னணியில் தருவித்து, பக்கத்தைப் படித்து முடித்தபின் இயக்கும். எனினும் எந்நிரலையும் சேர்க்குமுன், இது வாசகருக்கு வேண்டுவதுதானா என்று வினவுவதே சிறந்த ஒழுங்கு.

தமிழ் எழுத்துருவும் அரபு எழுத்துருவும்

ஒருங்குறி பரவுமுன் தமிழ்த்தளங்கள் பலவும் தத்தமக்கென எழுத்துருவும் குறியேற்றமும் கொண்டிருந்தன. ஒரு தளத்தின் எழுத்துரு இல்லையேல் அத்தளம் படிக்க இயலாததாயிற்று. இக்குழப்பத்தைக் களைய 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. பின்னர் 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று கைப்பேசிகளிலும் கணினிகளிலும் தமிழ் எழுத்துரு உடன் அமைந்தே வருகிறது. எனவே செய்யுளையும் உரையையும் கருவியிலுள்ள எழுத்துருவிலேயே காட்டலாம். அதற்கு ஒரு பைட்டும் செலவில்லை. அழகு கருதித் தனி எழுத்துரு வேண்டுமெனில், அதனைத் தலைப்புக்கு மட்டும் கொள்ளலாம். அதுவும் சுருக்கப்பட்ட வாஃப் 2 வடிவில் இருத்தல் நன்று. எழுத்துரு வரும்வரை உலாவிகள் பெரும்பாலும் 3 நொடி வரை எழுத்தை மறைத்து வைக்கும். கருவியின் எழுத்துருவில் உடனே காட்டிப் பின்னர் மாற்றுக என்று பாணித்தாளில் கட்டளையிட்டால் இம்மறைப்பு நீங்கும்.

சீறாவைப் பதிப்பிப்போருக்கு மற்றொரு தேவையும் உண்டு. காப்பியத்தில் பயிலும் அரபுச் சொற்களை அவற்றின் மூல எழுத்திலும் குறிப்புரையில் தர விரும்புவர். அதற்கென அழகிய அரபு எழுத்துரு ஒன்றை வார்ப்புருவில் சேர்த்துவிட்டால், அரபு எழுத்தே இல்லாத படலத்தைத் திறப்பவரும் அதனைச் சுமக்க நேருமன்றோ? இதற்குத் தீர்வு உண்டு. எந்த எழுத்துத்தொகுதிக்கு எந்த எழுத்துரு என்பதைப் பாணித்தாளில் வரையறுத்துவிட்டால், அத்தொகுதியின் எழுத்து பக்கத்தில் வரும்போது மட்டுமே உலாவி அவ்வெழுத்துருவைத் தருவிக்கும். அரபுப் பகுதிக்கு அதன் மொழியையும், வலமிருந்து இடமாகச் செல்லும் திசையையும் குறியிலேயே சுட்டிவிடுவதும் வேண்டும். இல்லையேல் இரு மொழியும் கலந்த வரியில் நிறுத்தற்குறிகள் இடம் மாறிவிடும்.

படங்கள்

படமே பெரும்பாலான பக்கங்களில் மிகுந்த சுமை. கைப்பேசித் திரைக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட படத்தை அனுப்புவது வீண். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் வார்ப்புருவிலேயே குறிக்கப்பட வேண்டும். குறிக்காவிடில் உலாவி இடம் ஒதுக்காது. படம் பின்னர் வந்து புகும்போது, படித்துக்கொண்டிருந்த வரி திடீரெனக் கீழே தள்ளப்படும். கண்பார்வை குன்றிய முதியோர்க்கு இது பெருந்துன்பம். திரைக்குக் கீழேயுள்ள படங்களை, வாசகர் அவ்விடத்தை நெருங்கும்போது தருவிக்குமாறு அமைக்கலாம். முதலில் கண்ணிற்படும் படத்தை மட்டும் அவ்வாறு தாமதிக்கலாகாது.

பொதுக்கோப்பும் இடைத்தேக்கமும்

பாணித்தாள் 50,000 பைட்டு எனக் கொள்வோம். அதனை வார்ப்புருவினுள்ளேயே எழுதிவிட்டால், 92 படலங்களையும் படிப்பவருக்கு அது 92 முறை செல்லும். மொத்தம் 46 இலட்சம் பைட்டு. சுருக்கத்துக்கு முன்னைய கணக்கில் காப்பியம் முழுவதுமே 30 இலட்சம் பைட்டுதான் என்பதை நினைவிற் கொண்டால், அழகுக்கான குறிப்புகள் இலக்கியத்தை விஞ்சிவிடுவது புலனாகும். அதனையே தனிக்கோப்பாக வைத்து, நெடுநாள் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்று வழங்கியின் வழி அறிவித்துவிட்டால், உலாவி அதனை முதன்முறை பெற்றுத் தன் இடைத்தேக்கத்தில் வைத்துக்கொள்ளும். எஞ்சிய 91 பக்கங்களுக்கும் அதுவே பயன்படும்.

இதனைக் கேஷ் என்பர். பள்ளிவாசலின் ஹவுல் இதற்கு நல்ல உவமை. தொழ வருவோர் ஒவ்வொருவரும் கிணற்றில் நீர் இறைப்பதில்லை. ஒருமுறை நிரப்பிய நீர் அனைவர்க்கும் பயன்படுகிறது. ஆனால் தேங்கிய நீரை உரிய காலத்தில் மாற்ற வேண்டுமல்லவா? அதுபோலப் பாணித்தாளைத் திருத்தினால், கோப்பின் பெயரில் பதிப்பெண்ணை மாற்றிவிட வேண்டும். பெயர் மாறியதால் உலாவி புதியதைத் தருவிக்கும். மாறாதவரை பழையதையே பயன்படுத்தும்.

முன்னரே ஆக்கி வைத்தல்

இதுவரை கூறியவை வாசகரின் கருவியில் நிகழ்வன. வழங்கியிலும் கருத வேண்டியது உண்டு. பல தளங்களில் வாசகர் கேட்கும்தோறும் வழங்கி தலைப்பு, பட்டியல், செய்தி, அடிப்பகுதி ஆகியவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் புதிதாகக் கோக்கிறது. இக்கோவையில் அடிக்கடி நேரும் குறை ஒன்றுண்டு. ஒரு படலத்தின் 55 செய்யுட்களை ஒரு வினாவில் பெற்றபின், ஒவ்வொரு செய்யுளின் உரைக்கும் தனித்தனி வினா எழுப்பினால் மொத்தம் 56 வினாக்கள் ஆகும். செய்யுட்களுக்கு ஒன்று, அவற்றின் உரைகள் அனைத்துக்கும் ஒன்று என 2 வினாக்களிலேயே இதனை முடிக்கலாம். வார்ப்புருவினுள் தரவுத்தள வினாக்களை எழுதாது, வேண்டிய தரவுகளை முன்கூட்டியே திரட்டி அதனிடம் ஒப்படைப்பதே நன்முறை.

அதனினும் மேலான வழியும் உண்டு. உமறுப்புலவரின் செய்யுள் வாசகர் வரும்தோறும் மாறுவதில்லை. மாறாத ஒன்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோப்பது எதற்கு? 92 பக்கங்களையும் வார்ப்புருவில் ஒருமுறை வார்த்து, முழுமையான கோப்புகளாகவே வழங்கியில் வைத்துவிடலாம். பிழை திருத்தம் நேரும்போது மட்டும் மீண்டும் வார்த்தால் போதும். எளிய வழங்கியும் இச்சுமையைத் தாங்கும், செலவும் குறையும். நாள்தோறும் மாறும் அறிவிப்புப் பலகைக்கு ஒரு முறை, காலம் கடந்து நிற்கும் காப்பியத்துக்கு ஒரு முறை என வகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

அளந்தறிதல்

விரைவு என்பது தோற்றத்தால் அறியப்படுவதன்று; அளந்தே அறியப்படுவது. கூகுள் நிறுவனம் 2020-இல் இதற்கு மூன்று அளவுகோல்களை அறிவித்தது. பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 நொடிக்குள் தோன்றுதல், தொட்டால் விரைந்து மறுமொழி தருதல், பக்கம் இடம்பெயரும் அளவு 0.1-ஐத் தாண்டாதிருத்தல் என்பன அவை. மறுமொழிக்கான அளவுகோல் 2024-இல் மாற்றப்பட்டு, 200 மில்லிநொடி என்பது எல்லையாயிற்று. நான்கில் மூன்று பங்கு வருகைகளிலேனும் இவ்வெல்லைகள் நிறைவுற வேண்டும் என்பது நெறி.

கல்லூரி ஆய்வகத்தின் வலுமிக்க கணினியில், வேகமான இணைப்பில் பார்த்து மனநிறைவு கொள்வது போதாது. நம் வாசகரிடம் உள்ள எளிய கைப்பேசியில், மெதுவான இணைப்பில் திறந்து பார்க்க வேண்டும். வார்ப்புருவில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் மீண்டும் அளக்க வேண்டும். சுமை ஒரே நாளில் ஏறுவதில்லை. ஆண்டுவிழாவுக்கு ஒரு பதாகை, சேர்க்கைக்கு ஒரு நகரும் வரி எனச் சிறுகச் சிறுகவே ஏறுகிறது. ஏற்றியவற்றை இறக்க மட்டும் எவரும் நினைப்பதில்லை.

முடிவுரை

ஒளு செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்று இளமையிலேயே கற்பிக்கப்பட்டவர்கள் நாம். வாசகர் விலை கொடுத்துப் பெறும் இணையத் தரவும் அத்தகையதே. அதனை அவர் அறியாமல் நாம் செலவழித்தல் தகாது. குறியேற்றம் முதலில், பாணித்தாள் மேலே, பாடம் நடுவே, நிரல் பின்னே; பொதுவானவை தனிக்கோப்பில், மாறாதவை முன்னரே ஆக்கிய வடிவில். இவ்வொழுங்குக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வாசகரை முன்னிறுத்தும் மனம் வேண்டும்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களை இணையமேற்றும் பணியில் தமிழ் பயிலும் மாணவரும் கணினி பயிலும் மாணவரும் கைகோக்க வேண்டும். பாடத்தின் செம்மையை முன்னவரும் வார்ப்புருவின் செம்மையைப் பின்னவரும் பேணுவாராயின், சீறாவின் படலங்கள் நகரத்து நூலகத்தில் இருப்பவருக்கும் சிற்றூர்த் திண்ணையில் இருப்பவருக்கும் ஒருங்கே திறக்கும். இறையருளால் அம்முயற்சி நம் மாணவரிடமிருந்து தொடங்குவதாக!